தண்ணீருக்கும் மீட்டர்: நியாயமா? எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்

கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஆவுடையார்கோவில் திரும்பிய என் மாமா, வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது. "ஏன் மாப்ள, கரண்டுக்கு மீட்டர் சரி. அங்க தண்ணிக் குழாயிலயும் மீட்டர் மாட்டி வச்சிருக்கான். நம்ம ஊருக்கும் வந்தா அது நியாயமா?"

மாமா அப்போதுதான் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பேரனோடு வீடியோவில் பேசுவதைத் தவிர அதை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் இருந்தார். "வாங்க மாமா, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்" என்று எக்ஸெல்லைத் திறந்தேன். அன்று நாங்கள் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எக்ஸெல் பழகவும் இது உதவும்.

மீட்டர் இல்லாவிட்டால் நியாயமா?

கோவை மாநகராட்சி, 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காக 2018-ல் பிரான்ஸைச் சேர்ந்த சூயஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் என்பது அதில் ஒரு பகுதி. நம் ஊராட்சிகளில் பெரும்பாலும் நிலைமை வேறு. மாதத்துக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை.

ஒரே தொகை என்றால் சமம் என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். டேங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் பீறிட்டு வரும். தெருவின் கடைசி வீட்டுக்கு நூல் போல வரும். நடுவில் ஒருவர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அதுவும் நின்றுவிடும். பத்துக் குடம் பிடித்தவரும் தொட்டி நிறைய ஏற்றியவரும் கட்டுவது ஒரே பணம். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. கண்மாய்த் தண்ணீரையே முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களில், குடிநீருக்கு மட்டும் கணக்கு இல்லை.

ஆகவே அளப்பதில் தவறில்லை. அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா, அளந்த பிறகு போடும் கணக்கு சரியாக இருக்கிறதா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் மீட்டர் என்பது இன்புட். கட்டணப் பட்டியல் என்பது ப்ரோகிராம். பில் என்பது அவுட்புட். முதல் இரண்டில் எது கெட்டாலும் மூன்றாவது கெட்டுவிடும்.

மீட்டருக்குள் என்ன இருக்கிறது?

வீடுகளில் வைக்கும் சாதாரண மீட்டருக்குள் ஒரு சிறிய இறக்கைச் சக்கரம் இருக்கும். தண்ணீர் ஓடும்போது அது சுழலும். அந்தச் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாக எண்களை நகர்த்தும். கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். சிவப்பில் இருப்பவை அதற்குக் கீழே உள்ள அளவுகள்.

வீட்டு மீட்டர்களுக்கு ஐ.எஸ். 779 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. புது மீட்டர் வழக்கமான வேகத்தில் தண்ணீர் ஓடும்போது 100 லிட்டருக்கு 2 லிட்டர் கூடவோ குறையவோ காட்டலாம். மிக மெதுவாக ஓடும்போது 5 லிட்டர் வரை பிசகலாம். சொட்டுச் சொட்டாகப் போனால் சக்கரம் நகராமலே இருந்துவிடுவதும் உண்டு.

இதை நீங்களே சோதிக்கலாம். 20 லிட்டர் கேனை மீட்டர் வழியாக வரும் குழாயில் ஐந்து முறை நிரப்புங்கள். சிவப்பு எண்கள் 100 லிட்டர் அளவுக்கு நகர்ந்திருக்க வேண்டும். 110, 120 என்று காட்டினால் புகார் செய்ய உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

காற்றுக்கும் காசா?

கோவையில் 24 மணி நேரமும் தண்ணீர் தருவதாகச் சொல்லும் திட்டத்துக்கும், நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்ணீரை நிறுத்தியதும் தெருக் குழாய் காலியாகி, உள்ளே காற்று நிறையும். அடுத்த முறை திறந்துவிடும்போது வரும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். குழாயைத் திறந்ததும் முதலில் "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். இறக்கைச் சக்கரத்துக்குக் காற்று எது, தண்ணீர் எது என்று தெரியாது. இரண்டுக்கும் சுழலும்.

அதாவது, தண்ணீர் குறைவாக வரும் வீட்டில்கூட மீட்டர் காற்றுக்கும் சேர்த்துக் கணக்கு எழுதலாம். தெருக் குழாய்களில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வுகளைச் சரியான இடங்களில் வைத்தால் இது பெருமளவு குறையும். ஆகவே முதலில் ஏர் வால்வு, பிறகு மீட்டர். இந்த வரிசை மாறினால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு.

எக்ஸெல்லில் உங்கள் கணக்கு

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுங்கள். ஏ காலத்தில் தேதி, பி-யில் ரீடிங், சி-யில் செலவான லிட்டர், டி-யில் நாட்கள், இ-யில் வீட்டில் உள்ளவர்கள், எஃப்-ல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு.

இரண்டாவது வரிசையில் ஏப்ரல் 1, ரீடிங் 412.350. மூன்றாவது வரிசையில் மே 1, ரீடிங் 425.550. ஆட்கள் 8. இவை உதாரணத்துக்கு நான் கொடுத்த எண்கள். உங்கள் எண்களை நீங்கள் கொடுங்கள்.

சி3 செல்லில் சமக் குறி போட்டு, பி3-லிருந்து பி2-ஐக் கழித்து, அடைப்புக் குறிக்குள் வைத்து, 1000 ஆல் பெருக்குங்கள். என்டர் தட்டினால் 13,200 வரும். டி3-ல் ஏ3-லிருந்து ஏ2-ஐக் கழியுங்கள். 30 வர வேண்டும். அதற்குப் பதிலாக ஏதோ பழைய தேதி வந்தால் பயப்பட வேண்டாம். அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் சென்று, ஜெனரல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஃப்3-ல் சி3-ஐ டி3-ஆலும், பிறகு இ3-ஆலும் வகுங்கள். விடை 55.

55 என்ற எண்ணை நான் வேண்டுமென்றே வரவழைத்தேன். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷன், கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். உங்கள் எஃப் காலத்தில் 30 என்று வந்தால், உங்களுக்கு வர வேண்டியது வரவில்லை. மீட்டர் என்றால் நம்மிடம் பணம் வாங்கும் கருவி என்றே நினைக்கிறோம். நமக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் அதே கருவி காட்டும். மாமாவுக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

பெரிய குடும்பத்துக்குத் தண்டனையா?

அடுத்து ப்ரோகிராம், அதாவது கட்டணப் பட்டியல். பெங்களூரில் 2014 முதல் 2025 வரை இருந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் முதல் 8,000 லிட்டருக்கு, ஆயிரம் லிட்டர் 7 ரூபாய். அடுத்து 25,000 லிட்டர் வரை, ஆயிரம் 11 ரூபாய். அதற்கு மேல் இன்னும் கூடும். அதிகம் செலவழிப்பவர் அதிகம் கட்ட வேண்டும் என்பது நோக்கம்.

இப்போது இரண்டு வீடுகள். முதல் வீட்டில் எட்டுப் பேர், ஆளுக்கு 55 லிட்டர், மாதம் 13,200 லிட்டர். தண்ணீர்க் கட்டணம் 56 ரூபாயும் 57 ரூபாய் 20 காசும் சேர்த்து 113 ரூபாய் 20 காசு. இரண்டாவது வீட்டில் இரண்டே பேர், ஆளுக்கு 130 லிட்டர், மாதம் 7,800 லிட்டர். கட்டணம் 54 ரூபாய் 60 காசு.

மொத்தத்தில் முதல் வீடு அதிகம் கட்டுவது சரிதான். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு என்ன விலை என்று பாருங்கள். சிக்கனமாக இருக்கும் எட்டுப் பேருக்கு சுமார் 8 ரூபாய் 58 காசு. தாராளமாகச் செலவழிக்கும் இரண்டு பேருக்கு 7 ரூபாய். இங்கே மீட்டர் துல்லியமாக இருக்கிறது. ஆனால் ப்ரோகிராம் ஆட்களை எண்ணவில்லை, இணைப்பை மட்டுமே எண்ணுகிறது.

இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரின் சொவேட்டோ பகுதியில் ப்ரீபெய்டு தண்ணீர் மீட்டர் வைத்தார்கள். ஒரு மனையில் எட்டுப் பேர், ஆளுக்கு 25 லிட்டர் என்று கணக்கிட்டு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அதைத் தாண்டினால் பணம் போட வேண்டும், இல்லையேல் குழாய் நின்றுவிடும். ஒரே மனையில் இன்னும் அதிகம் பேர் இருந்த வீடுகளுக்கு அது போதவில்லை. 2008-ல் உயர் நீதிமன்றம் அந்த மீட்டர் தவறு என்றது. 2009-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அது சட்டப்படி செல்லும் என்று முடித்தது. சட்டம் ஒத்துக்கொண்டாலும், எட்டுப் பேருக்கு மேல் இருந்த வீட்டில் ஆளுக்குக் கிடைத்த இலவசத் தண்ணீர் 25 லிட்டருக்குக் குறைவுதான்.

ஒரு லிட்டர் தாண்டினால்?

இன்னொரு கோளாறு, ப்ரோகிராமர்கள் "இஃப்" என்று எழுதும் நிபந்தனையில் வரும். டில்லியில் 2015-ல் மாதம் 20,000 லிட்டர் வரை தண்ணீர் இலவசம் என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த எல்லையைத் தாண்டியவர் முழு அளவுக்கும் பணம் கட்ட வேண்டும். நம் மின் கட்டணமும் நமக்குத் தெரிந்ததுதானே. 2022 செப்டம்பரில் வந்த பட்டியலில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 501 ஆகிவிட்டால் அதே 100 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. கூடிய ஒரு யூனிட்டின் விலை போக, 225 ரூபாய் சேர்ந்து ஏறிவிடும்.

இப்படிப்பட்ட கணக்கில் ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தாலே பில் மாறிவிடும். ஆகவேதான் எக்ஸெல்லில் நாட்களுக்குத் தனிக் காலம் வைத்தோம்.

செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

வீட்டுக்கு வீடு மீட்டர் வாங்க வேண்டும், மாதாமாதம் ரீடிங் எடுக்க வேண்டும், பழுதானால் மாற்ற வேண்டும். தண்ணீர்க் கட்டணம் குறைவாக உள்ள சிறிய ஊரில் இந்தச் செலவு கட்டணத்திலிருந்தே திரும்பி வருவது கடினம். அதற்கு முன் செய்யக் கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பும் குழாயில் ஒரு பெரிய மீட்டர், ஒவ்வொரு தெருவின் கிளைக் குழாயிலும் ஒன்று. எந்தத் தெருவுக்கு எவ்வளவு போகிறது, எங்கே ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு ஊருக்குச் சில மீட்டர்களே போதும். அந்தக் கணக்கையும் இதே எக்ஸெல்லில் போடலாம்.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மீட்டர் நியாயமானதுதான், ஆனால் சில நிபந்தனைகளோடு. தண்ணீர் சீராக வர வேண்டும். காற்றுக்கு வழி விட வேண்டும். கட்டணம் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு மட்டுமே கூடுதல் விலை இருக்க வேண்டும். பில்லில் பழைய ரீடிங், புதிய ரீடிங், தேதிகள், கணக்கு எல்லாம் அச்சாக வேண்டும்.

மாமா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "தண்ணி மீட்டர் வர்றப்ப வரட்டும் மாப்ள. மொதல்ல கரண்டு மீட்டரை இதுல ஏத்து" என்றார். அடுத்த ஷீட்டைத் திறந்தோம். நீங்களும் இன்றே தொடங்கலாம். மாதம் ஒரு தேதியை வைத்துக்கொண்டு ரீடிங்கை ஏற்றி வாருங்கள். பில் வரும்போது உங்கள் கணக்கும் கையில் இருக்கும்.