முறுக்கு அவிழும்போது

தடவினால் மேடும் பள்ளமுமாக விரலில் படும் துணியைப் பார்த்தால், நெய்து முடித்த பிறகு எதையோ வைத்து அழுத்திச் சுருக்கியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நெய்யப்படும் ஓஜியா சிஜிமி அப்படியல்ல. அதன் சுருக்கம் நூலுக்குள்ளேயே இருக்கிறது.

மரபு முறையில், ராமிச் செடியின் நாரை நகத்தால் இழை இழையாகக் கிழித்து, முனையோடு முனை சேர்த்துத் திரித்து நூலாக்குகிறார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலுக்குத்தான் வேலை அதிகம். கொஞ்சம் தளர விட்டாலே தன்மேல் தானே சுற்றிச் சிக்காகும் அளவுக்கு அதை முறுக்கேற்றுகிறார்கள். அந்த நிலையில் அது தறிக்கு அடங்காது. கஞ்சி போட்டு விறைப்பாக்குகிறார்கள். நெடுக்கே ஓடும் பாவை இடுப்போடு கட்டிக்கொண்டுதான் நெய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். காற்று உலர்ந்தால் ராமி அறுந்துபோகும் என்பதால் ஈரம் மிகுந்த பனிக்காலமே நெசவுக்காலம்.

தறியிலிருந்து இறக்கும்போது துணி மழமழவென்றுதான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கையால் பிசையும்போது கஞ்சி கரைகிறது. நனைந்த நூல் பருக்கிறது. அடங்கிக் கிடந்த முறுக்கு அவிழப் பார்க்கிறது. பாவு நூல்களோ விடாமல் பிடித்துக்கொள்கின்றன. சுழல வழியில்லாத ஊடை வளைந்து நெளிகிறது, துணியின் அகலம் குறைகிறது, பரப்பெங்கும் சுருக்கம் எழுகிறது. உடுத்தினால் மேடுகள் மட்டுமே உடலில் படும். பள்ளங்களில் காற்று ஓடும். கோடைக் கிமோனோவுக்கு இதை விரும்புவது அதனால்தான். வெயிலடிக்கும் நாளில் பனிமேல் விரித்து வெளுப்பதும் உண்டு. 2009-இல் இந்தக் கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தறியில் உட்கார்ந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக இதை நெய்பவர் உழைக்கிறார். ஒவ்வொரு சுருக்கமும் எங்கே விழும் என்று அவர் தீர்மானிப்பதில்லை. முறுக்கை ஏற்றுவதும் இழைகளுக்கு இடைவெளி விடுவதும் அவர் வேலை. மிச்சத்தை நூல் பார்த்துக்கொள்ளும். பாவை மிகவும் நெருக்கினால் ஊடைக்கு அசைய இடமிருக்காது, சுருக்கமும் எழாது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும்போதும் நாம் இப்படித்தான், அவர்கள் அசைய இடமின்றி, பாவைக் கொஞ்சம் அதிகமாகவே நெருக்கிவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

நம் கடைகளில் கிடைக்கும் பருத்தி க்ரேப் துணிகளில் சிலவும் இப்படி முறுக்கேறிய நூலால் சுருங்குபவைதான். அப்படியொன்றை வாங்கினால் இஸ்திரி போட்டுத் தட்டையாக்காதீர்கள். அலசி, உதறி, நிழலில் காயப்போட்டாலே போதும்.