கட்சிக்குப் பணம் கொடுத்தது யார்? தேர்தல் பத்திரமும் நம் ஓட்டும்



ரமளான் மாதத்தில் ஜகாத், ஃபித்ரா கணக்கை ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்தபோது ஒரு சகோதரர் எழுந்து கேட்டார்: "ஐந்நூறு ரூபாய் வரவுக்குக்கூட ரசீது நம்பர் போட்டு போர்டில் ஒட்டுகிறீர்கள். கோடிக்கணக்கில் வாங்குகிற கட்சிகளிடம் இப்படி யாராவது கணக்குக் கேட்கிறார்களா?" அன்று நேரமில்லாததால் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். கேள்வி நியாயமானது என்பதால் இந்த இதழில் விவரமாக எழுதுகிறோம். நம் டிரஸ்டுக்கு எந்தக் கட்சியோடும் உறவும் இல்லை, பகையும் இல்லை. இங்கிருந்து ஒரு ரூபாய்கூட எந்தக் கட்சிக்கும் போவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பதே சிறப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க, கட்சிக்குக் கொடுப்பவர் பெயர் மட்டும் ஏன் வெளியே தெரிய வேண்டும்? காரணம் எளிது. ஏழைக்கு மறைத்துக் கொடுக்கிறோம்; அவரால் நமக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. மந்திரியாகப் போகிறவர் கையில் டெண்டர் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, சட்டத்தை மாற்றும் அதிகாரமும் இருக்கிறது. ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்த சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். அவர் தன் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதுதான் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய கேள்வி. பதவிக்காக வரும் பணத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

இப்போது தேர்தல் பத்திரத்துக்கு வருவோம். 2017 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி இதை அறிவித்தார். 2018 ஜனவரி 2 அன்று திட்டம் அரசிதழில் வெளியானது. ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து வகைப் பத்திரங்கள் விற்றன. நிறுவனமோ தனி நபரோ வாங்கி, விருப்பப்பட்ட கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி 15 நாளுக்குள் தன் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து பத்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். ஒரு கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த உச்சவரம்பும் நீங்கியது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட கோடிகளைக் கொடுக்கலாம் என்றானது.

கறுப்புப் பணத்தைத் தடுத்து, வெள்ளைப் பணம் வங்கி வழியாக வர வழி செய்கிறோம் என்றது அரசு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பத்திரம் வாங்க வங்கிக்கு அடையாள ஆவணம் கொடுக்க வேண்டும். ஆனால் 2018இல் ஒரு பத்திரிகையாளர் இரண்டு பத்திரங்களை வாங்கி ஆய்வுக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஒரு எண் அவற்றில் மறைந்திருந்தது. ஆக, கொடுத்தவர் யார் என்ற விவரம் அரசு வங்கியிடம் இருந்தது. கொடுத்தவருக்கும் கட்சிக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் ஓட்டுப் போடும் நாம்தான்.

ஏடிஆர், காமன் காஸ் என்ற இரண்டு அமைப்புகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் உச்ச நீதிமன்றம் சென்றன. பத்திரமே வாங்க மாட்டோம் என்று மறுத்த கட்சி அது. 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தார்கள். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம். கம்பெனி உச்சவரம்பை நீக்கியதும் செல்லாது என்றார்கள். விவரங்களைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் பாங்க். மார்ச் 11 அன்று நீதிமன்றம் அதை மறுத்தது. மறுநாளே விவரம் வந்து சேர்ந்தது! கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கும் போலிருக்கிறது. யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் எண்கள் மார்ச் 21 அன்று வெளியாயின.

மொத்தம் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றிருந்தன. பட்டியல் கிடைத்த காலத்தில் அதிகம் பெற்றது பா.ஜ.க., சுமார் 6,060 கோடி. திரிணாமுல், காங்கிரஸ் ஆகியவையும் ஆயிரம் கோடிக்கு மேல் பெற்றன. வாங்கியவர்களில் முதலிடம் 1,368 கோடியுடன் கோவை சாந்தியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்துக்கு. அதன் தொழில் லாட்டரி.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். லாட்டரிச் சீட்டில் வாரக் கூலியைத் தொலைத்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருந்தன, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நமக்கு அது ஹராம் என்பது ஒருபுறம் இருக்க, தமிழ்நாடு அரசே 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அந்தத் தொழிலின் பணம் ஐந்நூறு கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போயிருக்கிறது, திரிணாமுலுக்கு அதைவிட அதிகம், பா.ஜ.க.வுக்கு 100 கோடி. தி.மு.க. தனக்குக் கொடுத்தவர்களின் பெயரைத் தானே கேட்டு வாங்கி ஆணையத்திடம் தெரிவித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய கட்சிகள் பலவும் அதைச் செய்யவில்லை. தமிழ்நாட்டில் தடை இன்றும் நீடிக்கிறது. நாளை யாராவது அதை நீக்கப் பார்த்தால், எந்தக் கட்சி யாரிடம் வாங்கியது என்று தெரிந்து கேட்பதற்கும் தெரியாமல் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நம் ராஜபாளையத்தில் தொடங்கிய ராம்கோ குழுமத்தின் சிமெண்ட் நிறுவனமும் பத்திரம் வாங்கியோர் பட்டியலில் உண்டு. இதைக் குறையாக எழுதவில்லை. அன்றைய சட்டம் அனுமதித்ததையே செய்தார்கள். நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவதே மில் சம்பளத்தில்தான். டெல்லி விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது என்பதற்காகவே சொல்கிறோம்.

எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. 2019 ஏப்ரலுக்கு முன் விற்ற சுமார் நாலாயிரம் கோடிப் பத்திரங்களை வாங்கியவர்களின் பட்டியலை வெளியிட உத்தரவு இல்லை. இப்போது கம்பெனிப் பணம் பெரும்பாலும் 'எலெக்டோரல் டிரஸ்ட்' வழியாகப் போகிறது. பல கம்பெனிகளின் பணத்தைச் சேர்த்துக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு அது. கொடுத்தவர், பெற்றவர் இரு பட்டியலும் ஆணையத்துக்கு வரும். ஆனால் பொதுக் கணக்கில் கலந்த பணத்தில் யாருடையது எந்தக் கட்சிக்குப் போனது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இன்னொன்று: மக்களவை வேட்பாளர் 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாம் என்று 2022இல் உச்சவரம்பு வைத்தார்கள், கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. தகவல் அறியும் சட்டத்துக்குத் தேசியக் கட்சிகள் கட்டுப்படும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013இல் சொன்னது. கட்சிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நாம் பார்க்கக்கூடியவை இவை. பத்திரப் பட்டியல், கட்சிகளின் ஆண்டு நன்கொடை அறிக்கை, வேட்பாளர்களின் சொத்து மற்றும் வழக்கு விவரப் பிரமாணப் பத்திரம் ஆகியவை தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதிகளில் நின்ற ஒவ்வொருவரும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் அதைப் பார்வையிடலாம். அதில் கட்சி கொடுத்த தொகையும் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால் செல்போனில் ஒரு நாள் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதைப் படிக்கச் சிரமப்படுபவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகம் வரலாம். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.