கட்டணமில்லாப் பயணியுடன் ஒரு விடுமுறை

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப்படுக்கை கேட்காதவரை ரயிலில் கட்டணம் இல்லை. இரண்டு வயது நிறையாத குழந்தை, விமான நிறுவனம் வசூலிக்கும் ஒரு சிறு தொகையுடன், பெற்றோரின் மடியிலேயே அமர்ந்து பறக்கலாம். தங்கும் விடுதிகள் பலவும் சிறு குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே, வரவுசெலவுத் தாளில் இச்சிறு பயணி ஏறத்தாழ இலவசமாகவே வருகிறார். ஆயினும், நடை பழகிய குழந்தையுடன் ஒருமுறை வெளியூர் சென்று திரும்பியவர் எவரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். செலவு பயணச்சீட்டில் இல்லை. உறக்கத்திலும் நேரத்திலும் இருக்கிறது. இப்பயணத்தில் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யலாகாது என்பதையே இங்கு நாம் பேச விழைகிறோம்.

ஜோகுபாளையத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள், இரண்டு வயதை எட்டவிருக்கும் மகள், உடன் பாட்டி. கையில் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. உதகைக்குச் சொந்தக் காரில் போகலாம் என்பது எண்ணம். மைசூரு வழியே ஏறத்தாழ 275 கிலோமீட்டர். கைபேசியின் வரைபடம் ஏழு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்கிறது. ஆனால் அந்த வரைபடம் குழந்தையை அறியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, குழந்தையை இறக்கி, நடக்கவிட்டு, உண்ணவைத்து, டயபர் மாற்றி மீண்டும் ஏறினால், ஏழு மணி நேரம் பத்து மணி நேரமாகிறது.

இதில் ஒரு கண்டிப்பான எல்லையும் உண்டு. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்படுகிறது. 2009 முதல் உள்ள கட்டுப்பாடு இது. நண்பகலில் உணவை முடித்துக்கொண்டு ஜோகுபாளையத்திலிருந்து புறப்படும் குடும்பம், நகர நெரிசலையும் நான்கைந்து நிறுத்தங்களையும் கடந்து அந்தச் சோதனைச் சாவடியை அடையும்போது, கடிகாரத்தைப் பார்த்துப் பதறவேண்டியிருக்கும். காட்டுக்குள் வண்டியை நிறுத்தவும் அனுமதி இல்லை. குழந்தை எவ்வளவு அழுதாலும் அந்தத் தூரத்தைத் தாண்டியே ஆகவேண்டும். எனவே விடியலுக்கு முன்பே புறப்படுவதும், குண்டலுப்பேட்டையில் நின்று உணவு, உடை மாற்றம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதும் நல்லது. மலையேறும்போது, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையைவிடத் தூரம் கூடினாலும் கூடலூர் வழி ஏற்றது. பயணத்தில் குமட்டும் தொல்லை பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பின்னரே தலைகாட்டுகிறது. நம் எடுத்துக்காட்டுக் குழந்தை சரியாக அந்த வாசலில்தான் நிற்கிறது. வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் தேவைப்படுகிறது. அதை வீட்டிலிருந்தபடியே பெற்றுக்கொள்ளுங்கள். சாவடியில் நின்று தேடும் கால்மணி நேரம்கூட உறங்கும் குழந்தையை எழுப்பிவிடும்.

காரைப் பற்றி மேலும் ஒன்று. குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போவது நம்மிடையே பாசத்தின் அடையாளமாகவே கருதப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்டவரை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் சிறிது. திடீரென்று பிரேக் போடும்போது, எவ்வளவு இறுகப் பிடித்த தாயின் கையும் குழந்தையைத் தாங்காது என்பதே பெரிது. வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை கிடைப்பது அரிது. சொந்தமாக ஒன்று வாங்குவதை வீண்செலவு என்று எண்ணவேண்டாம். நாம் சிக்கனம் செய்யலாகாத முதல் இடம் இதுவே.

இதே குடும்பம் மைசூருவைத் தேர்ந்தெடுத்தால் கதை வேறு. அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறினால், வண்டி மாறாமல் பெங்களூரு நகர ரயில் நிலையத்தின் வாசலில் இறங்கலாம். அங்கிருந்து விரைவு வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதாவது குழந்தையின் ஒரு பகல் தூக்கம். 1892இல் தொடங்கப்பட்ட மைசூரு உயிரியல் பூங்கா, நடை பழகிய குழந்தைக்கு உதகையின் எந்தக் காட்சிமுனையைவிடவும் மேலானது. தொலைவிலுள்ள பள்ளத்தாக்கு அந்த வயதில் கண்ணுக்கே படுவதில்லை. யானையின் காது படும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்க. மலைதான் வேண்டும் என்போர், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒடுங்கி அமர்வதற்குப் பதிலாக, குன்னூர்–உதகை இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பகுதியில் மட்டும் பயணித்து மகிழலாம்.

இரவு ரயிலில் செல்வோர் அந்த இலவசச் சலுகையை ஒருமுறை நிதானமாக எண்ணிப்பார்க்கவேண்டும். ஒருவருக்கே போதாத படுக்கையில் தாயும் குழந்தையும் படுத்தால், தாய் விளிம்பில் ஒருக்களித்தே இரவைக் கழிக்கிறார். 2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு இணைத்த குழந்தைப் படுக்கையை ரயில்வே சோதனையாக அமைத்தது, இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தே. தனிப்படுக்கை கேட்டால் குழந்தைக்கும் முழுக் கட்டணம்தான். இருப்பினும் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமென்றால் அதைச் செலுத்துவதே சரி என்பது நம் கருத்து. உறங்காத தாய் மறுநாள் விடுதி அறையில் உறங்குகிறார். அந்த அறைக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு? படுக்கையின்றிச் செல்லும் குழந்தை, ஐ.ஆர்.சி.டி.சி. வழங்கும் பயணக் காப்பீட்டிலும் சேராது.

விமானத்தில் செல்வோர்க்கு இரு குறிப்புகள் போதும். பயணத்தின் நடுவே குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்தால், திரும்பும்போது தனி இருக்கையும் அதற்குரிய கட்டணமும் வேண்டும். ஒரே பதிவில் வரும் 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவருக்கேனும் அருகில் இடம் தரவேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

சென்று சேர்ந்த பின் எழும் முதல் சிக்கல் தூளி. வீட்டில் பாட்டியின் பழைய புடவையில் கட்டிய தூளியில் ஆடி உறங்கும் குழந்தை, விடுதியின் வெண்மையான மெத்தையைக் கண்டு நள்ளிரவு வரை விழித்திருக்கும். அறையில் கொக்கி இருக்காது. மடித்து எடுத்துச்செல்லும் இரும்புத் தாங்கி கடைகளில் கிடைக்கிறது. அதுவும் சுமை என்றால், துவைக்காத அந்தப் புடவையையாவது எடுத்துச்செல்லுங்கள். வீட்டின் வாசனை பாதி வேலையைச் செய்துவிடும். உணவிலும் அவ்வாறே. பிளாஸ்கில் வெந்நீர், வறுத்து அரைத்த கஞ்சிமாவு, ஒரு சிறு கிண்ணம் இருந்தால் எந்த ஊரிலும் ஒருவேளை சமாளிக்கலாம். தயிர்சாதம் எங்கும் கிடைக்கும். காரமில்லாத சாம்பார் கிடைக்காது. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், குழந்தையின் மருத்துவர் எடைக்கேற்ப எழுதித்தந்த காய்ச்சல் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். இருமலுக்கென்று வழியில் உள்ள கடையில் தாமாக எதையும் வாங்கிக் கொடுக்கவேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குச் சளி, இருமல் மருந்துகளைப் பரிந்துரைக்கலாகாது என மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் தெளிவுபடுத்தியுள்ளது.

இனிப் பணம். இந்த வயதுக் குழந்தைக்குப் பள்ளி இல்லை. ஆகவே பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் இடிபடவேண்டிய கட்டாயமும் இல்லை. தசராவும் கோடையும் முடிந்த ஒரு வாரநாளில் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். இச்சலுகை ஒன்றாம் வகுப்பு வரை மட்டுமே நீடிக்கும்! அவ்வாறு மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை, கட்டணம் பிடிக்காமல் ரத்து செய்யத்தக்க அறைக்குச் செலவிடுங்கள். புறப்படும் முதல்நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வருவது அரிய நிகழ்வன்று. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குவதால், ஓராண்டுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் இட்டு, முதிர்வு நாளை அந்த முன்பதிவு நாளோடு பொருத்திக்கொள்ளலாம். குடும்ப நலக் காப்பீட்டில் குழந்தையின் பெயர் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள். பல திட்டங்களில் நாம் எழுதிக் கேட்டாலன்றி அது தானாகச் சேர்வதில்லை. செல்லும் ஊரில் ரொக்கமின்றிச் சிகிச்சை தரும் மருத்துவமனை எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மலைச்சாலைகளில் கைபேசி அலைவரிசை விட்டுவிட்டே கிடைக்கும். கையில் சிறிது ரொக்கம் இருக்கட்டும்.

பாட்டியை அழைத்துச்செல்வது குழந்தையைப் பார்த்துக்கொள்ள மட்டுமே என்றால், அவருக்கு அது விடுமுறை ஆகாது. ஒரு மாலையேனும் அவர் விரும்பும் கோவிலுக்கு அவர் தனியே சென்றுவர ஒரு வண்டி பேசிவிடுங்கள். நான்கு நாள் விடுப்பில் மூன்று நாளை மட்டும் வெளியூரில் கழித்து, நான்காம் நாளை வீட்டுக்கென வைத்துக்கொள்வதும் நலம். துணி துவைக்கவும், குழந்தையின் உறக்கம் பழைய நேரத்துக்குத் திரும்பவும் அந்த ஒரு நாள் தேவைப்படுகிறது.