சர்க்கரைவள்ளிக் கொடியில் ஆமை வண்டுகள்

சர்க்கரைவள்ளியின் இலைகள் சல்லடைபோல் துளைபட்டிருக்கக் காணும் குடியானவர்கள், கிழங்கும் கெட்டுவிடுமென்று கலக்கமடைவதுண்டு. இத்துளைகளைச் செய்வன பெரும்பாலும் ஆமை வண்டுகளாயிருக்கும். இவற்றின் உருவையும் இயல்பையும் அறிந்துகொண்டால் வீண் செலவு நேராது.

இவ்வண்டின் முதுகு ஆமையோட்டைப்போல் குவிந்திருக்கும். ஓட்டின் விளிம்பு ஒளி ஊடுருவும் தகடாய் அகன்று, தலையையும் கால்களையும் மறைக்கும். தொட்டால் இலையோடு ஒட்டிப் பதுங்கும். தமிழ்நாட்டில் காணப்படுவனவற்றுள் இரு வகைகள் குறிக்கத்தக்கன. பெரியது ஏறக்குறைய அரை அங்குல நீளமுள்ளது. மஞ்சள் முதுகில் கரும்புள்ளிகள் கொண்டது. சிறியது கால் அங்குல அளவினது, பொன்னும் பச்சையும் கலந்து மின்னுவது, கருங்கோடுகள் உடையது. உயிர் நீங்கியதும் அம்மினுக்கம் மங்கிப்போகும்.

புள்ளிகளைக் கண்டு பொறிவண்டைக் கொன்றுவிடலாகாது. பொறிவண்டுகளில் பல அசுவினியைத் தின்று பயிரைக் காப்பவை. அவற்றிற்குக் கண்ணாடி போன்ற விளிம்பு இல்லை.

பெரிய வண்டு காகிதம் போன்ற மெல்லிய உறைக்குள் முட்டைகளை அடுக்கி இலையில் ஒட்டிவைக்கும். வெளிவரும் புழுக்களின் இருபுறமும் முட்கள் இருக்கும். தாம் உரித்த தோலை வாலின் கவட்டில் சேர்த்து, முதுகின்மேல் குடைபோல் தூக்கி, எதிரிகளைத் தடுத்துக்கொள்ளும். புழுவும் வண்டும் இலையையே தின்னும். கூட்டுப்புழுவும் இலையிலேயே ஒட்டியிருக்கும். கிழங்கினுள் இவை செல்வதில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கிலும் பெரிய வண்டு பெருகுவதால், வயலோரத்தில் அச்செடியை விட்டுவைத்தல் நன்றன்று.

நன்கு படர்ந்த கொடி சில இலைகளை இழந்தாலும் மீண்டும் தழைத்துவிடும். நட்ட சில வாரங்களே ஆன இளங்கொடியில் மிகுந்தால், முட்டை உறைகளையும் புழுக்கள் கூடிய இலைகளையும் கையால் பறித்து அழித்தல் போதுமானது.

கிழங்கைக் கெடுப்பது வேறொன்று. எறும்பைப்போல் மெலிந்து, கருநீல இறக்கையும் செந்நிற மார்பும் கொண்ட கூன்வண்டே அது. இதன் புழு கொடியின் அடித்தண்டையும் கிழங்கையும் குடைந்து, கிழங்கைக் கசக்கச் செய்யும். மண்வெடிப்பின் வழியாய் வண்டு கிழங்கை அடைவதால், மண் அணைத்து வெடிப்பை மூடுதலும், பூச்சியற்ற கொடித்துண்டுகளை நடுதலும், முற்றியவுடன் தாமதமின்றி வெட்டுதலும் அவசியம்.

ஆதலின் மருந்துக்குச் செலவிடும் நிலச்சொந்தக்காரரும், பயிர்ச் சேதத்தை மதிப்பிடும் கிராம அதிகாரியும், இலையை மட்டும் கண்டு முடிவு செய்யாமல், கொடியின் அடியைத் தோண்டிப் பார்த்தல் முறையாகும்.