ரேடியேட்டரை அரிக்கும் மின்சாரம்

காரின் இன்ஜினைக் குளிர வைக்கும் அமைப்பு ஒரே உலோகத்தால் ஆனதல்ல. பல கார்களில் இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். இன்றைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. பழைய வண்டிகளில் செம்பையும் பித்தளையையும் ஈயப் பற்றுவைத்து இணைத்திருப்பார்கள். இத்தனை உலோகங்களையும் ஒரே திரவம் சுற்றிவந்து நனைக்கிறது.

இருவேறு உலோகங்கள் தொடர்பில் இருந்து, மின்சாரம் கடத்தும் திரவத்திலும் நனைந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். 1800-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா உருவாக்கிய முதல் மின்கல அடுக்கும் இந்த அடிப்படையில்தான் இயங்கியது. எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். இரும்போடு சேர்ந்தாலும் செம்போடு சேர்ந்தாலும் கரைவது அலுமினியமே.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து அதைக் காக்கிறது. தண்ணீரில் உள்ள குளோரைடு உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். துளைத்த இடத்தில் ஊசிமுனைக் குழிகள் விழுந்து, நாளடைவில் ரேடியேட்டர் ஒழுகும். ஹோஸ் குழாயைக் கழற்றிப் பார்த்தால், அது மாட்டியிருந்த அலுமினிய வாயில் வெள்ளைப் பொடி படிந்து, விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். ஹெட் கேஸ்கெட்டை ஒட்டிய நீர்த்துளைகளும் இப்படியே அரிபடும். உப்பு மிகுந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான்.

அரிப்பைத் தடுப்பது கூலன்ட். எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது, கொதிநிலையும் உயரும். ஆனால் உலோகத்தைக் காப்பது அதில் சேர்த்துள்ள அரிப்புத் தடுப்பான்களே. சிலிக்கேட் வகை உலோகத்தின்மேல் படலமாகப் படிகிறது. கரிம அமில வகை, அரிப்பு தொடங்கும் இடத்தில் வினைபுரிந்து அதை அடக்குகிறது. இவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். கிளைக்காலும் சிதைந்து அமிலமாகும். சிலிக்கேட் சேர்த்த பழைய வகைக் கூலன்ட்டை ஏறத்தாழ 2 ஆண்டுகளிலும், கரிம அமில வகையை ஏறத்தாழ 5 ஆண்டுகளிலும் மாற்றுவது வழக்கம். சரியான கெடு வண்டியின் கையேட்டில் இருக்கும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் பாதுகாப்பு குறையும்.

எர்த் வயர் துருப்பிடித்தாலோ தளர்ந்தாலோ, மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாய்ந்து அரிப்பை வேகப்படுத்தும். இதை மல்டிமீட்டரால் கண்டுபிடிக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டில் நனைக்க வேண்டும். அளவு 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலன்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது எனலாம். ஹெட்லைட்டையோ ஃபேனையோ போட்டதும் அளவு எகிறினால் எர்த் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள். அளவு குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், கையேடு சொல்லும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். கெடு தவறாமல் மாற்றும் கூலன்ட்டின் விலை, அரித்துப்போன சிலிண்டர் ஹெட்டை மாற்றும் செலவில் சிறு பங்குதான்.