காட்டிருளில் ஒரு தொடர் ஓட்டம்



தொடர் ஓட்டம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது பள்ளி விளையாட்டு விழாவாகத்தான் இருக்கும். சுண்ணாம்புக் கோடு இட்ட மைதானம், கைக்குக் கை மாறும் ஒரு சிறு கோல், நான்கு மாணவர்கள். ஒரு நிமிஷம், மிஞ்சினால் நான்கைந்து நிமிஷம், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் இரவெல்லாம், பாதை இல்லாத காட்டுக்குள், கோலுக்குப் பதிலாகத் தேசப்படத்தைக் கை மாற்றி ஓடும் தொடர் ஓட்டமும் உலகில் உண்டு. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பின்லாந்து நாட்டில் 1949ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தப் போட்டிக்கு 'யூகோலா' என்று பெயர். அந்நாட்டின் தலைசிறந்த எழுத்தாளராகிய அலெக்ஸிஸ் கிவி 1870இல் வெளியிட்ட 'ஏழு சகோதரர்கள்' என்னும் நாவலில், அந்தச் சகோதரர்களின் வீட்டுக்கு அமைந்த பெயர் அது. எழுவரும் முரட்டுப் பிள்ளைகள். எழுத்துப் படிக்கச் சொன்னதற்கு அஞ்சிக் காட்டுக்கு ஓடிப்போனவர்கள். கிறிஸ்துமஸ் இரவில் தங்கள் குடிசை தீப்பற்றி எரிந்தபோது, உறைபனியில் பழைய வீட்டை நோக்கி ஓடி உயிர் தப்பியவர்கள். முடிவில் அவர்களும் எழுத்தறிவு பெற்று நல்ல குடிமக்களாகிறார்கள். அவர்களின் நினைவாகவே யூகோலாவில் ஓர் அணிக்கு ஏழு பேர். பெண்களுக்கென 1978 முதல் நடைபெறும் போட்டியில் அணிக்கு நால்வர். அதற்கு 'வென்லா' என்று பெயர். வென்லா அக்கதையில் வரும் அண்டை வீட்டுப் பெண்.

இப்போட்டிக்கு நிலையான மைதானம் கிடையாது. ஆண்டுக்கு ஒரு வட்டாரத்தில் நடைபெறும். குறித்த காட்டுப் பகுதிக்குள் போட்டியாளர் எவரும் முன்கூட்டியே நுழைந்து பார்க்கலாகாது என்பது விதி. பெரும்பாலும் ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமையன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட அணிகள் அங்கே வந்து சேர்கின்றன. நேற்றுவரை வெறும் வயலாக இருந்த இடம் கூடாரங்களும் உணவுச் சாலைகளும் மருத்துவ உதவி நிலையங்களும் கொண்ட ஒரு நகரமாகிவிடுகிறது.

இரவு 11 மணிக்கு ஓட்டம் தொடங்கும். வட நாடாதலால் அம்மாதத்தில் கதிரவன் மறையும் நேரமே ஏறத்தாழ அதுதான். நான்கு மணியளவில் மீண்டும் விடிந்துவிடும். குறுகிய இரவாயினும் அடர்ந்த காட்டுக்குள் இருள் இருளே. முதல் ஓட்டக்காரர்கள் அனைவரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரே வேளையில் புறப்படுகிறார்கள். தொலைவிலிருந்து காண்பவர்க்கு அது நம் கார்த்திகைத் தீப வரிசை எழுந்து ஓடுவதைப் போலத் தோன்றும்.

ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ 7 முதல் 15 கிலோமீட்டர். காட்டில் ஆங்காங்கே செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த சிறு துணி அடையாளங்கள் நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றைக் குறித்த வரிசையில் ஒன்றுவிடாமல் கண்டுபிடிக்க வேண்டும். துணை செய்வன இரண்டே: தேசப்படம், திசைகாட்டி. இந்தப் படத்தில் ஒரு புதுமை உண்டு. பள்ளித் தேசப்படங்களில் காட்டுக்குப் பச்சை நிறம் இடுவது வழக்கமல்லவா? இங்கே எளிதில் ஓடக்கூடிய காடு வெள்ளையாக விடப்பட்டிருக்கும். புதர் அடர அடரப் பச்சையும் அடர்ந்துகொண்டு போகும். மஞ்சள் திறந்தவெளி, நீலம் நீர்நிலை, கறுப்பு பாறையும் மனிதர் அமைத்தவையும், பழுப்பு சமவுயரக் கோடுகள். ஆசிரியனாக இருந்த காலத்தில், சமவுயரக் கோடுகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்களை நான் நிறையக் கண்டதுண்டு. நள்ளிரவில் சதுப்பு நிலத்தில் நிற்பவனுக்கு அக்கோடுகள் மதிப்பெண் அல்ல, வழி.

இனி, இப்போட்டியின் நுட்பத்தைக் கவனியுங்கள். முன்னே ஒருவன் விளக்கோடு ஓடுகிறான். அவன் பின்னாலேயே போனால் என்ன? படத்தைப் பார்க்கும் வேலை மிச்சம் அல்லவா? இந்த ஆசை எல்லோருக்கும் வரும் என்பதை அறிந்தே அமைப்பாளர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரே பகுதியில் ஓடுபவர்க்கும் இடையிடையே அடையாள இடங்கள் வேறுபடும். உனக்கு மேட்டின் இடப்புறம் என்றால், முன்னே ஓடுபவனுக்கு வலப்புறமாக இருக்கலாம். ஏழு பேர் ஓட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் எல்லா அணிகளும் ஒரே வழிகளையே ஓடியிருக்கும். ஆகையால் நியாயம் கெடுவதில்லை. ஆனால் பிறன் விளக்கை நம்பி ஓடியவன் பிறனுடைய அடையாளத்துக்கே போய்ச் சேருவான். ஒவ்வோர் இடத்திலும் ஓட்டக்காரரின் வருகை மின்னணுக் கருவியில் பதிவாகிறது. ஓர் அடையாளம் தவறினால் அவர் மட்டும் அல்லர், அந்த அணியின் எழுவரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவர். மற்ற அறுவரின் உழைப்பும் அவரது படத்தோடு காட்டுக்குள் செல்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கூடாரத்தில் இருப்பவர்க்கும் பொறுப்பு உண்டு. ஐந்தாமவர் எந்த நேரத்தில் ஓடவேண்டி வரும் என்பதை யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அது முன்னே சென்ற நால்வரைப் பொறுத்தது. தூங்காவிட்டால் கால் தளரும். அயர்ந்து தூங்கிவிட்டால் வந்து நிற்பவர் கைம்மாற ஆள் இன்றித் தவிப்பார். எனவே ஒருவர் விழித்திருந்து நேரப் பலகையைக் கவனித்து, உரிய வேளையில் அடுத்தவரை எழுப்ப வேண்டும். அவருக்குக் கைதட்டுவோர் யாரும் இல்லை. எனினும் அவர் கண்ணயர்ந்தால் அணியும் பின்தங்கிவிடும்.

முதல் அணி காலைப் பொழுதிலேயே முடித்துவிடும். ஆனால் வெற்றிக்காக வருவோர் சிலரே. பல அணிகளில் முதல் இருவர் திரும்புவதற்குள்ளேயே பொழுது வெகுதூரம் போய்விடும். அவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதானா? இல்லை. காலையில் குறித்த நேரம்வரை காத்திருந்து, இன்னும் புறப்படாத ஓட்டக்காரர்கள் அனைவரையும் ஒருங்கே அனுப்பிவிடுகிறார்கள். முந்தையவர் இன்னும் காட்டில் இருந்தாலும் பின்னவர் தம் பங்கை ஓடலாம். ஒவ்வொருவர் எடுத்த நேரமும் கூட்டிக் கணக்கிடப்படும். பிந்தியவருக்கும் ஓடி முடிக்கும் உரிமை உண்டு என்று கருதும் விதி இது. நம் வகுப்பறைகளிலும் விளையாட்டு விழாக்களிலும் இதற்கு இடம் உண்டா என்று ஆசிரியர்கள் சிந்திக்கலாம்.

அண்டை நாடாகிய ஸ்வீடனிலும் 1945 முதல் 'தியோமிலா' என்ற இத்தகைய இரவு ஓட்டம் நடந்து வருகிறது; அதில் ஓர் அணிக்குப் பதின்மர். ஆயினும் இவ்விளையாட்டைக் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளி வளாகத்தையோ ஊர்த் தோப்பையோ நீங்களே அளந்து படம் வரையுங்கள். பத்து இடங்களில் துணி கட்டுங்கள். நால்வர் கொண்ட அணிகளாகப் பிரிந்து, ஆசிரியர் மேற்பார்வையில், முதலில் பகலில் ஓடிப் பாருங்கள். வேகமாக ஓடுபவன் வழி தவறி நிற்க, நிதானமாகப் படம் பார்ப்பவன் முந்துவதைக் காண்பீர்கள்.

எழுத்துக்கு அஞ்சிக் காட்டுக்கு ஓடிய சகோதரர்களின் பெயரால், காட்டையே ஓர் ஏடாக விரித்துப் படிக்கும் பழக்கத்தை அந்நாட்டார் வளர்த்திருக்கிறார்கள். படத்தைப் படிக்கக் கற்றவனுக்கு எந்தக் காடும் அந்நியம் அல்ல.