நாலடி உயரத்தில் ஒரு கோடு
வீடு திரும்புதல் – 14

2005 கத்ரீனா புயல், நியூ ஆர்லியன்ஸில் உடைந்த வெள்ளத் தடுப்புக் கரைகள், நகரத்தில் எண்பது சதவீதம் தண்ணீரில் கிடந்தது எல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையார் வீடு கட்டிக் கொடுத்த கதை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு சுவர் என்னைப் பிடித்துக்கொண்டது.

நம் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தச் சுவர் விளங்காது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. சட்டத்தின் உட்பக்கம் ஜிப்சம் பலகையை அறைந்து பெயின்ட் அடித்துவிடுவார்கள். அந்தப் பலகைக்கு இரண்டு பக்கமும் காகிதம். வீட்டுக்குள் இரண்டடி தண்ணீர் வந்தால் ஈரம் இரண்டடியோடு நிற்காது; விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பலகை அதை மேலே இழுத்துக்கொண்டே போகும். காகிதம் பூஞ்சைக்குத் தீனி. ஓரிரு நாளிலேயே பிடிக்கத் தொடங்கிவிடும். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருக்க, உள்ளே கறுத்துப் போயிருக்கும். அந்த வீட்டுக்குள் குழந்தையோடு யார் குடிபோவார்கள்?

இங்கேதான் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் மஞ்சள் சட்டைத் தொண்டர்கள் வருகிறார்கள். 'மட் அவுட்' குழு என்று பெயர். சேற்றை அள்ளுவார்கள், ஊறிய மெத்தையையும் சோபாவையும் தெருவோரம் சேர்ப்பார்கள். பிறகு அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் சுவரில் கோடு போடுவார்கள். தண்ணீர் இரண்டடிதான் வந்திருக்கும், வெட்டுவது நாலடி. ஈரம் ஏறியிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்றைத் தெரிந்துகொண்டபோது இந்த வாரம் முழுவதும் எனக்கு அதுவே நினைப்பாகிவிட்டது. ஜிப்சம் பலகை நாலடி அகலம், எட்டடி நீளம். அதைப் படுக்கவைத்துத்தான் பெரும்பாலும் அறைவார்கள். நாலடி வெட்டியிருந்தால் புதுப் பலகை முழுசாக அப்படியே உட்காரும். மூன்றரை அடி வெட்டியிருந்தால் பின்னால் வருகிறவர் ஒவ்வொரு பலகையையும் அறுத்துக்கொண்டிருக்க வேண்டும். இவர்களோ வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிறவர்கள். மறுபடி கட்ட வருகிறவர் யார் என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. இருந்தும் அவருடைய கைவேலையை மிச்சப்படுத்தி இடிக்கிறார்கள்.

குழுவில் ஒருவருக்கு மண்வெட்டியே கிடையாது. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பதுதான் இவர் வேலை. சாப்ளின் என்பார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் கையெழுத்திட்ட பைபிள் ஒன்றைக் கொடுப்பது இவர்கள் வழக்கம். மதம் பரப்பத்தானே வருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. முகமூடிக்குள் வியர்த்து ஒழுக, காசு வாங்காமல் பூஞ்சைச் சுவரைப் பெயர்க்கிறவரிடம் எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. இவர்களுடைய நிவாரணப் பணி 1967-ல் பியூலா புயலடித்த டெக்சாஸில், தகர டப்பா அடுப்பில் சுடச்சுடச் சமைத்துக் கொடுத்ததில் தொடங்கியது. அந்த அடுப்பைப் பற்றியே ஒரு வாரம் எழுதலாம்.

நியூ ஆர்லியன்ஸில் பல வீடுகளுக்கு நாலடிக் கணக்கும் போதவில்லை. வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கியதால் கூரைவரை உரித்து, மரச்சட்டத்தை மட்டும் விட வேண்டியிருந்தது. தெருவெங்கும் ஃபிரிட்ஜுகள் டேப் சுற்றிக் கிடந்தன. மின்சாரம் இல்லாமல் அழுகிய இறைச்சியோடு அவற்றைத் திறக்க யாருக்கும் துணிவில்லை.

அடுத்து மாநகராட்சி சட்டம் போட்டது. புயலின் முதலாண்டு நினைவு நாளான 2006 ஆகஸ்ட் 29-க்குள் வீட்டை உரித்துச் சுத்தம் செய்து அடைத்து வைக்காவிட்டால் நடவடிக்கை. வீடு இடிபடவும் கூடும். கெடு வைப்பதில் நியாயம் இருந்தது. ஆனால் காப்பீடு இல்லாத, வேறு மாநிலத்தில் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்த எழுபது வயதுப் பெண்மணி என்ன செய்வார்? கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் 'ஆபரேஷன் ஹெல்பிங் ஹேண்ட்ஸ்' முதியோர், ஊனமுற்றோர், காப்பீடில்லாதோர் வீடுகளைத்தான் தேடிப் போனது. மண்வெட்டி பிடித்த கைகள் அங்கே அந்தப் பெண்மணி போன்றவர்களின் வீட்டு உரிமைக்கும் காவல் நின்றன.

உரித்தபின் இருக்கிறது பெரிய சோதனை: காத்திருப்பது. இரண்டு ஊசி கொண்ட ஒரு கருவியை மரச்சட்டத்தில் குத்தி ஈரம் பார்ப்பார்கள். பதினைந்து, பதினாறு சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் புதுப் பலகை அறையக் கூடாது. வாரக்கணக்கில் ஆகலாம். வீட்டுக்காரருக்கோ நாளைக்கே குடிவர வேண்டும். பொறுங்கள் என்று சொல்லி அவரைக் கையமர்த்துவது, சுவரைப் பெயர்ப்பதைவிடக் கடினமான தொண்டு என்றே நினைக்கிறேன். அவசரப்பட்டு மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூஞ்சை திரும்ப வரும். செய்த வேலை அத்தனையும் வீண்.

காய்ந்த சட்டத்தில் புதுப் பலகையை அறையப் போகிறவர்களில் மென்னோனைட் சபையாரும் உண்டு. 1950-ல் கான்சஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் ஊரில் தொடங்கிய அவர்களுடைய நிவாரணப் பணியின் கதையை அடுத்த வாரம் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன்.